பேக்-12 ஏன் உடைந்தது? கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டே போவதில் யாருக்கு லாபம்?

மழைநாட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். ஓரிகன் மாநிலம் கோர்வாலிஸுக்கு நான் குடிவந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை என்னை ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானமான ரீசர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். மழையில் நனைந்துகொண்டே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார், அன்றையிலிருந்து ஓரிகன் ஸ்டேட் என் டீம் ஆகிவிட்டது.

கேள்விக்கு வருகிறேன். இங்கே கல்லூரி டீம்கள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டுகளாகச் சேர்ந்து ஆடும், டிவி உரிமையையும் சேர்ந்தே விற்கும். எங்கள் கூட்டு மேற்குப் பக்கத்து பேக்-12; பிக் டென், பிக் 12, ஏசிசி, எஸ்இசி எல்லாம் மற்ற பெரிய கூட்டுகள். ஓரிகன் என்பதும் ஓரிகன் ஸ்டேட் என்பதும் வேறு வேறு பல்கலைக்கழகம், வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 4, ஒரே வெள்ளிக்கிழமையில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போய்விட்டன, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போய்விட்டன. அதற்கு ஒரு வருடம் முன்பே லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குக் கிளம்புவதாகச் சொல்லியாகிவிட்டது, கொலராடோ ஒரு வாரம் முன்னால். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஏசிசியில் சேர்ந்துகொண்டன. 1915இல் வேர்விட்ட கான்ஃபரன்ஸ் இது. 500க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற கல்லூரிகள் சேர்ந்து இருந்த இடம். மிஞ்சியது நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும்.

எங்கள் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை முழுக்க இடித்துக் கட்டி அதே செப்டம்பரில்தான் திறந்தார்கள். புது நாற்காலி, புது பெயின்ட் வாசனை. அதில் உட்கார்ந்துகொண்டு கான்ஃபரன்ஸின் கடைசி சீசனைப் பார்த்தோம்.

நாங்கள் மோசமாக ஆடியிருந்தாலாவது மனசு ஆறும். 2022இல் 10 வெற்றி. 31-10 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தில் ஓரிகனை 38-34 என்று ஜெயித்தோம், கடைசியில் லாஸ் வேகஸ் போல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 30-3 என்று அடித்தோம். அடுத்த ஆகஸ்டில் எங்களைக் கூப்பிட ஆளே இல்லை. மைதானத்தில் ஜெயிப்பதற்கும் ஒரு கான்ஃபரன்ஸில் இடம் கிடைப்பதற்கும் சம்பந்தமே இல்லையா? பிக் டென்னில் இப்போது 18 கல்லூரி, எஸ்இசியில் 16, பிக் 12இல் 16, ஏசிசியில் 18. ஆள் கூடக்கூடப் பங்கு குறையத்தானே வேண்டும், பிறகு எந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்? அதோடு, 2026 ஜூலை 1 அன்று தொடங்கும் புது பேக்-12 தேறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது டவுன்:

தம்பி, ஜெயிப்பதற்கும் இடம் கிடைப்பதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் ரொம்ப மெல்லிய சம்பந்தம். இந்த விஷயத்தை நான் 1990களிலிருந்து பின்தொடர்கிறேன், முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம்.

ஒரு உதாரணத்துக்கு, பத்துக் கல்லூரி சேர்ந்து டிவி உரிமையை வருடம் 30 கோடி டாலருக்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். தலைக்கு 3 கோடி. பதினோராவதாக ஒருவர் வரவேண்டுமானால் மொத்தத் தொகை 33 கோடியைத் தாண்ட வேண்டும். 32 கோடிக்கு ஏறினால்கூட பழைய பத்துப் பேரின் பங்கும் குறைந்துவிடும், எந்தப் பல்கலைக்கழகத் தலைவரும் அதற்குக் கை தூக்க மாட்டார். ஆக, புதிதாக வருபவர் தன் பங்கைத் தானே சம்பாதித்துக் கொண்டு வர வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் கொண்டு வர வேண்டும். நல்ல டீமா, எத்தனை கோப்பை, எத்தனை தூரம் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பிறகு வருபவை. ஓரிகன் ஸ்டேட்டை பிக் 12 கூப்பிடாததற்குக் காரணம் இதுதான். 10 வெற்றி பெற்ற டீமைச் சேர்த்தால் ஒளிபரப்பாளர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று கேட்டார்கள், பதில் 3 கோடிக்குக் கீழே வந்திருக்கும்.

இனி கதை. 1984 வரை கல்லூரி ஃபுட்பாலின் டிவி உரிமை முழுக்க, கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ கையில் இருந்தது. எந்த டீமும் இரண்டு வருடத்தில் ஆறு முறைக்கு மேல் டிவியில் வரக் கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன, உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்சிஏஏவின் பிடியை உடைத்தது. அன்றைக்கே இன்றைய கூத்துக்கு வழி திறந்துவிட்டது என்பது என் எண்ணம். உரிமை கல்லூரிக்கு வந்தது, கல்லூரிகள் கூட்டாக விற்றால் நல்ல விலை, கூட்டில் யார் இருந்தால் விலை ஏறும் என்ற கேள்வி தானாகவே பின்னால் வந்தது.

அடுத்தது 1992. குறைந்தது 12 டீம் இருந்து இரண்டு பிரிவாகப் பிரித்தால் கான்ஃபரன்ஸ் தனக்கென ஒரு இறுதி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று என்சிஏஏ விதியில் ஒரு இடம் இருந்தது. எஸ்இசி ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து 12 ஆக்கி, பர்மிங்ஹாமில் அந்த ஆட்டத்தை நடத்தியது. அலபாமா ஃப்ளோரிடாவை 28-21 என்று வென்ற ஆட்டம். ஒரே ஒரு கூடுதல் ஆட்டம், அதற்குத் தனி விலை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன்சா விட்டுப்போன சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996இல் இழுத்து மூடப்பட்டது, டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பெய்லர் நாலும் பிக் எய்ட் என்ற கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12 ஆயின. ரைஸ், எஸ்எம்யு, டிசியு, ஹூஸ்டன் நாலும் வெளியே நின்றன. நீங்கள் 2023இல் பட்ட வேதனையை அவர்கள் அப்போதே பட்டார்கள்.

பிறகு கேபிள் காலம். 2007இல் பிக் டென் சொந்த சேனல் தொடங்கியது. கேபிள் கணக்கு எப்படியென்றால், உறுப்பினர் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் அந்த சேனல் அடிப்படைப் பேக்கில் போகும், வீட்டுக்கு இவ்வளவு என்று நல்ல கட்டணம் வரும், அந்த வீட்டில் ஒருவரும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காவிட்டாலும் வரும். 2014இல் ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்று பலர் தலையைச் சொறிந்தார்கள். நியூயார்க் பக்கத்து வீடுகளும் வாஷிங்டன் டிசி பக்கத்து வீடுகளும்தான் காரணம். ஃபுட்பாலில் அவர்கள் ஜெயிப்பார்களா என்பது அந்தக் கணக்கில் நுழையவே இல்லை.

அந்தக் காலமும் போய்விட்டது. ஜனங்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். இப்போது ஒளிபரப்பாளர் கேட்பது வீட்டு எண்ணிக்கை இல்லை, சனிக்கிழமை மாலை நாடு முழுக்க எத்தனை பேர் வேலையைப் போட்டுவிட்டு இந்த ஆட்டத்தைப் பார்ப்பார்கள் என்பதுதான். யுஎஸ்சியும் ஒஹையோ ஸ்டேட்டும் மோதினால் பார்ப்பார்கள். டெக்சாஸும் ஜார்ஜியாவும் மோதினால் பார்ப்பார்கள். அதனால்தான் கடைசி இரண்டு சுற்றிலும் ஊரைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து எடுத்தார்கள்.

டெக்சாஸ்காரன்:

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2011க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சாஸ், ஏ அண்ட் எம் ஆட்டம் 2024 நவம்பர் 30 அன்று திரும்ப வந்தது, இரண்டு பேரும் எஸ்இசியில் இருப்பதால். நான் அன்று ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இருந்தேன், டெக்சாஸ் 17-7. பதிமூன்று வருடம் காத்திருந்த ஆட்டம், சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஆனால் அதே மாற்றத்தில் ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் வருடா வருடம் ஆடிக்கொண்டிருந்த பெட்லம் ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுவிட்டது.

பழைய சாலை:

நாலாவது டவுன் சொன்ன கணக்கு சரி. ஆனால் பேக்-12 செத்தது கணக்கால் மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர்களுக்கு மூன்று வாசல் திறந்தது, மூன்றையும் அவர்களே சாத்தினார்கள். நான் அரிசோனாவில் இருபது வருடமாக இருப்பவன், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்த வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

2010இல் கமிஷனராக இருந்த லாரி ஸ்காட் டெக்சாஸ், ஓக்லஹோமா உட்பட பிக் 12இன் பாதியை அப்படியே தூக்கிக்கொண்டு வரப் பார்த்தார். தைரியமான யோசனை, நான் இன்றைக்கும் அதைப் பாராட்டுவேன். டெக்சாஸ் கடைசியில் பின்வாங்கியது, ஈஎஸ்பிஎன்னோடு 20 வருடத்துக்கு 30 கோடி டாலர் என்று சொந்த சேனல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 2011இல் ஓக்லஹோமா பக்கமிருந்து மறுபடி பேச்சு வந்தபோது பேக்-12 தலைவர்கள் கூடிப் பேசி, விரிவாக்கம் வேண்டாம், 12 போதும் என்று அறிவித்தார்கள். இது முதல் வாசல்.

இரண்டாவது, 2012இல் தொடங்கிய பேக்-12 நெட்வொர்க்ஸ். பிக் டென் ஃபாக்ஸோடு பங்கு போட்டது, எஸ்இசி சேனலை ஈஎஸ்பிஎன் நடத்துகிறது. இவர்கள் மட்டும் முழு உரிமையும் எங்களுக்கே என்று தனியாக நின்றார்கள். ஒரு தேசிய சேனல், ஆறு வட்டார சேனல், மொத்தம் ஏழு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய ஒளிபரப்பாளர் பக்கத்தில் இல்லாததால் கேபிள், டிஷ் நிறுவனங்களிடம் பேரம் பேசப் பலம் இல்லை. டைரக்ட் டிவி கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை. என் வீட்டில் டைரக்ட் டிவிதான் இருந்தது. அரிசோனா ஆடும் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க வாரம் ஒரு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினேன், அந்த வருடங்களில் எத்தனை பேர் அப்படிக் கதவைத் தட்டச் சலித்துப்போய் பார்ப்பதையே விட்டார்களோ. ரசிகனுக்கு ஆட்டம் கண்ணில் படாமல் போனால் அவன் பழக்கம் மாறிவிடும், பழக்கம் மாறினால் பார்வையாளர் எண்ணிக்கை விழும், அடுத்த பேரத்தில் அந்த எண்ணிக்கையைத்தான் மேஜைமேல் வைப்பார்கள்.

மூன்றாவது வாசல் 2021 ஆகஸ்ட். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக ஜூலையில் அறிவித்தாகிவிட்டது, மிச்சமிருந்த எட்டு பிக் 12 கல்லூரிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. டெக்சாஸ் டெக், ஓக்லஹோமா ஸ்டேட், டிசியு என்று நாலைந்து பேரை அன்றைக்குக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை என்று மறுபடி ஒரு அறிக்கை விட்டார்கள். பிக் 12 உடனே பிஒய்யு, சென்ட்ரல் ஃப்ளோரிடா, சின்சினாட்டி, ஹூஸ்டன் நாலையும் எடுத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது.

அப்புறம் 2022 ஜூன் 30, யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் போனது இடி மாதிரி விழுந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது, அது கடிகாரத்தில் கை நழுவியது. பிக் 12க்குப் புதிதாக வந்த கமிஷனர் பிரெட் யார்மார்க், தன் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தும் அதே அக்டோபரில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் ஆறு வருட நீட்டிப்பு போட்டுவிட்டார். மொத்தம் 228 கோடி டாலர், கல்லூரிக்குச் சராசரி வருடம் 3.17 கோடி. சந்தையில் இருந்த பணத்தில் பெரும்பங்கு அதோடு போயிற்று. பேக்-12 கூடுதல் விலைக்குக் காத்திருந்து காத்திருந்து, 2023 கோடையில் கையில் இருந்தது ஆப்பிளின் ஒரு திட்டம் மட்டும். சந்தா எண்ணிக்கை ஏறினால் வருமானம் ஏறும் என்ற வகை. உறுதியான தொகை பிக் 12 தருவதைவிடக் குறைவு. அதில் கையெழுத்துப் போடத்தான் ஆகஸ்ட் 4 காலையில் கூடினார்கள், சாயங்காலத்துக்குள் கான்ஃபரன்ஸே இல்லை.

இதில் எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று. பிக் 12க்கு பேக்-12ஐவிடப் பெரிய பெயர்கள் கிடையாது, பெரிய நகரங்கள் கிடையாது. பயம் இருந்தது. இரண்டு முறை சாவு வரைக்கும் போய் வந்தவர்கள், அதனால் முதல் நல்ல விலைக்கே தலையாட்டினார்கள். பேக்-12 தலைவர்களுக்கு அந்தப் பயம் வரவே இல்லை, ரோஸ் போல் என்ற புகழ்பெற்ற ஆட்டம் இருக்கிறது, லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிறது, யார் எங்களை என்ன செய்துவிட முடியும் என்று இருந்தார்கள்.

வாலிபால் அம்மா:

எல்லோரும் ஃபுட்பாலைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் வேறொன்று சொல்ல வந்தேன். என் மகள் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாலிபால் ஆடுகிறாள், பெயர் வேண்டாம். நாடு தாண்டிப் போகும் கான்ஃபரன்ஸ் ஒன்றுக்கு அவர்கள் மாறியபோது அவள் இரண்டாம் வருடம்.

ஃபுட்பால் டீம் சீசனுக்கு நாலைந்து முறை கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காக வெளியூர் போகும், தனி விமானத்தில் போகும், வாரம் ஒரு ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. வாலிபாலுக்கு வாரம் இரண்டு ஆட்டம். பழைய கான்ஃபரன்ஸில் ஒரு பயணத்திலேயே பக்கத்துப் பக்கத்து இரண்டு கல்லூரியை முடித்துவிட்டு வருவார்கள், நேர வித்தியாசம் பெரும்பாலும் கிடையாது. இப்போது மூன்று மணி நேர வித்தியாசம் உள்ள ஊரில் ஞாயிறு மதியம் ஆடிவிட்டு, இடையில் ஒரு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரைக்கு அறைக்குத் திரும்புகிறாள். எட்டு மணிக்கு கெமிஸ்ட்ரி லேப். போன அக்டோபரில் ஒரு மிட்டெர்ம் தேர்வை விமான நிலையத்தின் கேட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் ஐஸ் பை கட்டிக்கொண்டு, லேப்டாப்பில் எழுதினாள். பக்கத்தில் டீமோடு வந்த படிப்பு ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படம் அனுப்பியிருந்தாள், அதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

டிவி உரிமைப் பணத்தில் பெரும்பங்கைக் கொண்டு வருவது ஃபுட்பால்தான், அந்தப் பணம் இல்லாவிட்டால் என் மகளுக்கு ஸ்காலர்ஷிப்பே இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஃபுட்பால் போகிற இடத்துக்கெல்லாம் மற்ற இருபது விளையாட்டும் ஏன் போக வேண்டும்? தனித்தனியாக வைப்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்த கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக நிற்கிறது, மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் ஏசிசியில், ஐஸ் ஹாக்கி மட்டும் 2017 முதல் பிக் டென்னில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ராஸுக்காக மட்டும் பிக் டென்னில் இருக்கிறது. யுஎஸ்சி, யுசிஎல்ஏ ஆண்கள் வாலிபாலை பிக் டென் நடத்துவதில்லை என்பதால் அந்தப் பையன்கள் மேற்கு மாநிலங்களுக்குள்ளேயே மவுன்டன் பசிபிக் கூட்டமைப்பில் ஆடுகிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் பெண்கள் டீம் நியூ ஜெர்சிக்குப் பறக்கிறது. பையன்களுக்கு முடிகிறது என்றால் பெண்களுக்கும் முடியும். யாராவது உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பாதிப்பு உண்டு என்று அதிகாரத்தில் இருப்பவர்களே ஒத்துக்கொண்டும் இருக்கிறார்கள். யுசிஎல்ஏ போனதால் அக்காவைப் போல இருந்த பெர்க்லிக்கு நஷ்டம் என்று சொல்லி, யுசிஎல்ஏ பெர்க்லிக்கு வருடம் 1 கோடி டாலர் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழக நிர்வாகக் குழு 2024இல் முடிவு செய்தது. கல்லூரிக்குக் கல்லூரி நஷ்ட ஈடு கிடைத்தது. பிள்ளைகளின் தூக்கத்துக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

நாலாவது டவுன்:

அக்கா, நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதும்போது நான் மற்ற விளையாட்டுகளைத் தொடவே இல்லை, தொட்டிருக்க வேண்டும். ஏன் பிரிக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் மட்டும் தெரியும்: கான்ஃபரன்ஸ் சேனலுக்கு வருடம் முழுக்க நிரப்ப ஆட்டம் வேண்டும். வாரநாள் இரவில் வாலிபால், கூடைப்பந்து, சாஃப்ட்பால்தான் அதை நிரப்புகிறது. உங்கள் மகள் ஆடும் ஆட்டத்தைத்தான் விற்கிறார்கள். அதனால் பயணச் செலவை ஏற்பதைப் போல அவர்களின் ஓய்வுக்கும் பொறுப்பேற்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கரோலினா வாசி:

விரிவாக்கத்தைப் பற்றியே பேசுகிறோம், உள்ளே இருப்பவர்களை எப்படிக் கட்டிவைப்பது என்பதையும் பேச வேண்டும். நான் ஏசிசி ஆள், எங்கள் பக்கத்தில் அதுதான் தினசரிப் பேச்சு.

கல்லூரிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுத்துவிடும். நீ வெளியே போனாலும் உன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தை விற்கும் உரிமை எங்களிடம்தான் இருக்கும், அப்படியென்றால் புது கான்ஃபரன்ஸுக்கு உன்னால் என்ன பயன்? இதுதான் பூட்டு. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் ஒரே ஒரு வருடம் முன்னதாகக் கிளம்ப, சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் ஏசிசியில் பூட்டு 2036 வரை. விலை குறைவாக இருந்த காலத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், பிக் டென்னும் எஸ்இசியும் அதற்குப் பிறகு எங்கேயோ போய்விட்டன. பிக் டென் 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் போட்டது.

2023இல் ஏசிசியின் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கான்ஃபரன்ஸ் சாம்பியன். தேசியப் பட்டத்துக்கான நாலு டீம் பிளேஆஃபில் இடம் இல்லை. அந்த டிசம்பரிலேயே ஏசிசி மேல் வழக்கு. அடுத்த மார்ச்சில் கிளெம்சனும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் சமரசம் வந்தது: இனி டிவி பணத்தில் ஒரு பெரும்பகுதி யாருடைய ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிரிக்கப்படும், வெளியேறும் கட்டணமும் வருடா வருடம் குறைந்து 2030-31இல் 7.5 கோடி டாலருக்கு வந்து நிற்கும். அதனால் 2030ஐ ஒட்டி அடுத்த பெரிய ஆட்டம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிக் டென், பிக் 12 ஒப்பந்தங்களும் அந்தச் சமயத்தில்தான் முடிகின்றன. எல்லோருடைய பூட்டும் ஒரே நேரத்தில் திறக்கப்போகிறது.

மழைநாட்டான் ஒரு கல்லூரியைக் கவனிக்க வேண்டும், எஸ்எம்யு. 1996இல் வெளியே விடப்பட்டதாக மேலே சொன்னார்களே, அதே எஸ்எம்யு. ஏசிசிக்குள் வர ஒன்பது வருடம் டிவி பணத்தில் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பணக்காரப் பழைய மாணவர்கள் பின்னால் இருந்தார்கள். 2024இல் வந்த முதல் வருடமே கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். ஆட்டம் சமனாக நின்ற கடைசி நொடியில் கிளெம்சன் 56 கஜத்திலிருந்து அடித்த ஃபீல்ட் கோலில் 34-31 என்று தோற்றது. தோற்றும் 12 டீம் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. கிட்டத்தட்ட 30 வருடம் காத்திருந்து உள்ளே வந்தார்கள்.

மழைநாட்டான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாலிபால் அக்கா, உங்கள் பதிவை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஆனால் என் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறது. எங்களால் 30 வருடம் காத்திருக்க முடியுமா தெரியவில்லை. எங்களிடம் எஸ்எம்யுவுக்கு இருப்பதைப் போன்ற எண்ணெய்ப் பணமும் இல்லை. புது பேக்-12 சரியான வழியா?

நாலாவது டவுன்:

சரியான வழி என்றுதான் சொல்வேன் தம்பி, காரணத்தோடு சொல்கிறேன்.

என்சிஏஏ விதிப்படி எட்டு பேர் இல்லாமல் கான்ஃபரன்ஸ் ஓடாது, இரண்டு வருடம்தான் அவகாசம். நீங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் போய் பேக்-12இன் பெயரையும் நிர்வாகத்தையும் கையில் வைத்துக்கொண்டீர்கள், அது பெரிய வெற்றி. அப்புறம் 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட் என்று மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸின் பலமான நாலு பேரை எடுத்தார்கள், அதே மாதம் யூட்டா ஸ்டேட். 2025 ஜூன் கடைசியில் டெக்சாஸ் ஸ்டேட் எட்டாவதாக வந்தது. மற்றவர்களின் பலவீனமானவர்களைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை நிரப்பாமல் மேலே இருந்து எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. டெக்சாஸ் ஸ்டேட்டைத் தவிர எல்லோரும் மேற்கே இருப்பவர்கள், அக்கா சொன்ன மூன்று மணி நேர வித்தியாசம் இங்கே இல்லை.

நான் மிகவும் ரசித்தது கொன்சாகா பல்கலைக்கழகத்தை எடுத்ததை. அங்கே ஃபுட்பாலே கிடையாது. ஆனால் 1999 முதல் மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடர் நடந்த ஒவ்வொரு வருடமும் அவர்கள் அதில் ஆடியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் ஒரு டீம் ஆடும், இறுதி ஆட்டத்தைத் தவிர, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு பங்கு உண்டு, ஆறு வருடத்தில் பிரித்துத் தருவார்கள், மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஃபுட்பால் பேரத்தில் இடம் இல்லாதவர்கள் கூடைப்பந்தில் தேடிப் போயிருக்கிறார்கள், அது நல்ல யோசனை.

இடைவெளி குறையும் என்று மட்டும் நான் பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜூன் மாத நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு கல்லூரி வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், 2025-26க்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பிக் டென் கல்லூரிக்கு டிவி பணத்தில் ஒரு பகுதியிலேயே அது முடிந்துவிடும். உங்களுக்கு அது பெரிய பாரம். நீங்கள் வளர்க்கும் நல்ல ஆட்டக்காரனை இரண்டாம் வருடத்தில் அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள். ஆனால் பிளேஆஃபில் இப்போது 12 இடம், பெரிய நாலு கான்ஃபரன்ஸுக்கு வெளியே இருந்து குறைந்தது ஒரு சாம்பியனாவது போக முடியும். 2024இல் பாய்சி ஸ்டேட் அப்படித்தான் போனது. இனி பாய்சியே உங்கள் கான்ஃபரன்ஸில் இருக்கிறது, அவர்களை நீங்கள் மைதானத்தில் தோற்கடித்து சாம்பியன் ஆனால் அந்த இடம் உங்களுக்கே கிடைக்கலாம். முதல் பதிவில் கேட்டீர்களே, ஜெயிப்பதற்கும் இடத்துக்கும் சம்பந்தம் இல்லையா என்று. இங்கே உண்டு.

மழைநாட்டான்:

இந்தப் பதில் போதும் அண்ணா. 2025 சீசனில் ஆட ஆள் கிடைக்காமல் நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நவம்பரில் இரண்டு முறை மோதினோம், முதல் தேதி இங்கே, 29ஆம் தேதி அங்கே. 1894 முதல் ஆடிவரும் ஓரிகன் ஆட்டமோ செப்டம்பர் வெயிலுக்கு நகர்ந்துவிட்டது. யூஜீன் இங்கிருந்து 65 கிலோமீட்டர்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. மேற்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி சம்மதிக்க வைத்துவிட்டேன். இரண்டு சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறேன். பாய்சி இங்கே எப்போது வருகிறது என்று அவரே தேதியைக் கேட்டார்.